ஆக்ரன் நகரத்து வைத்தியர்

பிறர்க்கு வழிகாட்டப் புகுவோர்க்கு வேண்டுவது நூலறிவோ, பட்டறிவோ? இவ்வினா பழையது. ஆயினும், மதுவுக்கு அடிமைப்பட்டோரை மீட்கும் பணியிற் புகுவோரை எவ்வாறு பயிற்றுவது என ஆராயுங்கால் இது புதிய கூர்மை பெறுகின்றது. நூலறிவு நிரம்பப் பெற்றும் தம்மைத் தாம் காத்துக்கொள்ள இயலாது தவித்து, பின்னர்ப் பல்லாயிரவரை மீட்டதோடு அமையாது, மீட்போரையும் பயிற்றிய ஒருவருடைய வரலாறு இதற்குத் தக்க விடையாகும். அவரே அமெரிக்க நாட்டு வைத்தியர் ராபர்ட் ஹால்புரூக் ஸ்மித். டாக்டர் பாப் என்றே உலகம் அவரை அறியும்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் நாள் வெர்மான்ட் மாகாணத்துச் செயின்ட் ஜான்ஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நீதிபதி; பெற்றோர் இருவரும் ஆலயப் பணிகளில் ஊக்கம் மிக்கவர். வாரந்தோறும் பன்முறை ஆலயத்திற்குச் செல்லுமாறு வற்புறுத்தப்பட்ட சிறுவர், வளர்ந்து விடுதலை பெற்றதும் ஆலய வாயிலை மிதிப்பதில்லை என உறுதி பூண்டார். அவ்வுறுதியை நெடுங்காலம் காக்கவும் செய்தார்.

1902-ஆம் ஆண்டு டார்ட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்றார். குடியும் அங்கேயே அவரைப் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகள் வாணிகத்தில் அலைந்தபின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயிலத் தொடங்கி, குடியினால் அதனைவிட்டு நீங்கிச் சிக்காகோ நகரத்து ரஷ் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். இறுதித் தேர்வின்போது கை நடுங்கி எழுதுகோலைப் பிடிக்க மாட்டாது, விடைத்தாள்களை வெறுமையாகவே கொடுத்து எழுந்தார். மது தொடாது மேலும் இரண்டு பருவங்கள் பயின்ற பின்னரே, 1910-ஆம் ஆண்டில், பட்டம் எய்தினார். பின்பு ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகர ஆஸ்பத்திரியில் ஈராண்டு பயிற்சி பெற்று, அந்நகரிலேயே தொழில் தொடங்கினார். 1915-ஆம் ஆண்டில், பல்லாண்டுகள் தமக்காகக் காத்திருந்த ஆன் ரிப்ளி அம்மையாரை மணந்தார்.

வீழ்ச்சி

குடியின் கேட்டினை அவர் அறியாதவர் அல்லர். மது உடலில் யாது செய்யும் என்பதனை நன்கு கற்றவர். அறுவைத் தொழிலிலும் வல்லவர். எனினும், பகலெல்லாம் மருந்துண்டு நடுக்கத்தை அடக்குவதும், இரவெல்லாம் குடிப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இனித் தமக்குத் துன்பம் இராது என எண்ணினார். மருந்தின் பொருட்டு வைத்தியர் சாராயம் பெறலாம் என அச்சட்டமே இடந்தந்தது. அவ்வழியே அவரைப் பின்னும் கெடுத்தது. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் குப்பிகளை ஒளித்து வைப்பாராயினர்.

1933-ஆம் ஆண்டு முதல், மனைவியாருடன் ஆக்ஸ்போர்டு குழுவினர் என்னும் சமயக் கூட்டத்தாரிடைச் செல்லலுற்றார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் சமய நூல்களைக் கற்றார், ஜெபித்தார், அறிவுரை பல கேட்டார். குடியோ நின்றபாடில்லை.

மீட்சி

1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் பில் வில்சன் என்பார் நியூயார்க்கிலிருந்து தொழில் நிமித்தம் ஆக்ரனுக்கு வந்தார். அவரும் பெருங்குடியராயிருந்து, மதுவை விட்டு ஐந்து திங்களே ஆனவர். வந்த காரியம் முறிந்தது, மனம் சோர்ந்தது, தங்கியிருந்த ஓட்டலின் மதுச்சாலை அவரை அழைத்தது. தம்மை ஒத்த மற்றொரு குடியனோடு பேசினாலன்றித் தாம் பிழைத்தல் அரிது என உணர்ந்து, நகரத்துப் போதகர் ஒருவருக்குத் தொலைபேசியிற் செய்தி விடுத்தார். அம்முயற்சியின் பயனாக, ஹென்ரியட்டா சைபர்லிங் என்னும் அம்மையார் இருவரையும் தம் இல்லத்தில் ஒருங்கு சேர்த்தார்.

மே 12-ஆம் நாள் மாலை, பதினைந்து நிமிடத்திற்கு மேல் இருப்பதில்லை என்ற முடிவோடு சென்ற டாக்டர் பாப், ஆறு மணி நேரத்திற்கு மேல் அங்கிருந்தார். வந்தவர் போதிக்கவில்லை, கடிந்துரைக்கவுமில்லை. தாம் வீழ்ந்த வரலாற்றையும் எழுந்த வரலாற்றையுமே சொன்னார். கேட்பவருடைய உதவி தமக்கும் வேண்டும் என்பதனை மறையாது வெளியிட்டார். இரண்டரை ஆண்டு அறிவுரை செய்யாததனை அவ்வொரு மாலை செய்யத் தொடங்கிற்று.

ஆயினும், வைத்தியர் மாநாடு ஒன்றிற்குச் சென்றபோது மீண்டும் ஒருமுறை வீழ்ந்தார். ஜூன் 10-ஆம் நாளே அவர் இறுதியாகக் குடித்த நாள். அந்நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்வர்.

பயிற்றிய முறை

அச்சங்கத்திற்குக் கல்லூரி இல்லை. பாடப்புத்தகமும் தொடக்கத்தில் இல்லை. நோயாளியின் கட்டிலருகே கிடந்த நாற்காலியே பள்ளிக்கூடம். நண்பர் இருவரும் ஆக்ரன் நகர ஆஸ்பத்திரியிற் கிடந்த வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு பேசினர். அவர் மூன்றாமவர் ஆனார்.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், செயின்ட் தாமஸ் என்னும் கத்தோலிக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த சகோதரி இக்னேஷியா இப்பணியிற் கைகோத்தார். குடியரை ஆஸ்பத்திரிகள் ஏற்க மறுத்த காலம் அது. முதல் நோயாளியை வயிற்றழற்சி என்று எழுதிச் சேர்த்து, மலர்களை ஒழுங்குசெய்யும் சிற்றறையிற் கிடத்தினார் அச்சகோதரி.

நடுக்கத்தையும் பிதற்றலையும் தணித்து உடலைத் தேற்றுவது வைத்தியருடைய கடமை. பின்னர் வருவோர் மீண்டெழுந்த குடியரே. அவர் ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லுவர்; வாதிடார்; இகழார்; மனமில்லாதவனை வற்புறுத்தார். நோயாளி வீடு திரும்பியதும் மூத்தவர் ஒருவர் அவனுக்குத் துணையாவர். நாளடைவில் அவனும் மற்றொரு கட்டிலருகே அமர்ந்து தன் கதையைச் சொல்லுவான். இவ்வாறு நேற்றைய நோயாளி இன்றைய மாணவனும் நாளைய ஆசானும் ஆயினான். பிறனைக் காக்கும் முயற்சியே தன்னைக் காக்கும் மருந்துமாயிற்று. டாக்டர் பாப் தம் வாழ்நாளிற் கைம்மாறு பெறாது கவனித்த குடிநோயாளிகள் ஏறத்தாழ 5,000 பேர் என்பர்.

இறுதியும் பயனும்

1949-ஆம் ஆண்டில் ஆன் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம், புற்றுநோயால் மெலிந்த உடலோடு கிளீவ்லாந்து நகரத்து மாநாட்டில் எழுந்து, எளிமையையும் அன்பையும் தொண்டையும் நாவடக்கத்தையும் சில சொற்களால் வலியுறுத்தினார். நவம்பர் 16-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அவர் மறைந்தபின், 1954-ஆம் ஆண்டில் மினசோட்டா மாகாணம் மீண்டெழுந்தோரைக் குடிநோய் ஆலோசகராக அரசாங்க ஊதியத்தில் அமர்த்த வழிசெய்தது. பட்டறிவு மட்டும் போதாது என்பதும் காலப்போக்கில் விளங்கிற்று. தான் மீண்ட வழியொன்றே எல்லார்க்கும் வழி என எண்ணுவோன் பிறர் நோயை அறியமாட்டான் அன்றோ! ஆதலின், இன்று ஆலோசகராவோர் மருத்துவமும் உளநூலும் கற்கின்றனர். ஒருவர் நோயாளியாகவும் மற்றொருவர் ஆலோசகராகவும் நடித்துப் பழகுகின்றனர். மூத்தோர் மேற்பார்வையிற் பணிசெய்து தம் குறைகளைக் கேட்டறிகின்றனர். குடியையே அறியாதோரும் இப்பணிக்குத் தகுதி பெறுகின்றனர்.

எனினும், பாடங்கள் அனைத்தினும் கற்றற்கு அரியது, துன்புறுவோனருகே தாழ்மையோடு அமர்ந்து அவன் சொல்வதனைக் கேட்டலே. தேர்வில் வெறுந்தாளைக் கொடுத்து எழுந்த மாணவர் பிற்காலத்தில் உலகிற்குக் கற்பித்த பாடம் அதுவே. பட்டம் பெற்று வெளியேறும் நாமும் அதனைப் பயின்றோமா என நம்மை நாமே வினவுவோமாக.