மூச்சைக் காத்த மருத்துவர் ஜான் ஸ்நோ

வலியை மறக்கச் செய்யும் மருந்து, அளவு மீறினால் மூச்சையும் மறக்கச் செய்துவிடும். இவ்வுண்மையை நுணுகி ஆராய்ந்து, மயக்க மருந்து அளிக்கும் கலையை ஓர் அறிவியலாக உயர்த்திய பெருமை ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்நோவையே (1813–1858) சாரும். 1854-இல் இலண்டன் பிராட் தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயின் கைப்பிடியை அகற்றச் செய்து, காலரா குடிநீர் வழியே பரவுவதை உணர்த்தியவர் என்ற அளவிலேயே நம்மில் பலர் அவரை அறிவோம். அவரது வாழ்வின் மற்றொரு பக்கத்தை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

1813-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் யார்க் நகரில் ஓர் எளிய தொழிலாளியின் தலைமகனாக ஸ்நோ பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். இளமையிலேயே புலால் மறுத்தார். மது அருந்தாமையை நோன்பாகக் கொண்டார். 1836-இல் இலண்டன் சென்று பயின்று, 1844-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார்.

மயக்க மருந்துகள் புழக்கத்திற்கு வருமுன்னரே மூச்சு அவரது ஆய்வுப் பொருளாகிவிட்டது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளை உயிர்ப்பிக்கும் வழி குறித்து, 1841-இல் மருத்துவர் அவையொன்றில் கட்டுரை படித்தார். பின்னாளில் அவர் அடைந்த சிறப்புக்கு இதுவே வித்து எனலாம்.

ஈதரும் ஐந்து படிகளும்

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியின் உதவியால் வலியின்றி அறுவை செய்து காட்டப்பட்டது. அச்செய்தி அவ்வாண்டின் இறுதியில் இலண்டனை எட்டியது. பலர் அம்மருந்தை மனம்போன போக்கில் பயன்படுத்தினர். ஸ்நோவோ, காற்று எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈதரை ஏற்கும் என்று கணக்கிட்டு அட்டவணை வகுத்தார். நீரால் வெப்பத்தைச் சீராக்கும் கருவி ஒன்றையும் அமைத்தார். 1847-இல் வெளியிட்ட நூலில் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். நான்காம் படியில் மூச்சின் அசைவு ஒன்றே எஞ்சும். ஐந்தாம் படியில் அம்மூச்சும் தடுமாறி நின்றுவிடும். அப்படிநிலையை அவர் விலங்குகளிடமே கண்டறிந்தார்; மனிதரை அவ்வெல்லைக்குக் கொண்டு செல்லலாகாது என்பதே அவரது கொள்கை.

இதன் காரணத்தை இன்றைய அறிவியல் விளக்குகிறது. மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் தலையாய தொகுதி 1991-இல் அடையாளம் காணப்பட்டது. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுமாயின், மூச்சை விரைவாகவும் ஆழமாகவும் இழுக்குமாறு முகுளம் தூண்டும். மயக்க ஆவிகள் இவ்வெச்சரிக்கை உணர்வை மழுங்கச் செய்கின்றன. தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சு வழியையும் அடைக்கின்றன. அபினிலிருந்து பெறப்படும் மார்பின் போன்ற வலிநீக்கிகளோ அந்நரம்பணுக்களின் ஏற்பிகளில் பற்றிக்கொண்டு மூச்சின் தாளத்தையே தளர்த்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

சிறுமியின் மரணம்

1847 நவம்பரில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாமை அறிமுகம் செய்தார். மூன்று திங்கள் கழியுமுன், 1848 ஜனவரி 28-இல் நியூகாசிலை அடுத்த சிற்றூரில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால் விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அம்மருந்தை முகர்ந்து சில நிமிடங்களில் உயிரிழந்தாள். மயங்கிய நிலையில் வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்றார் சிம்சன். ஸ்நோ இதனை ஏற்கவில்லை. துணியில் ஊற்றி முகரச் செய்ததால் ஆவி மிகச் செறிவாகச் சென்று இதயத்தை நிறுத்திவிட்டது என்றார். நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு ஆவி கலந்த காற்றில் மூச்சே முதலில் நிற்கும். இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் செயற்கை மூச்சால் உயிர் மீட்கலாம். செறிவு மிகுந்தால் அவ்வாய்ப்பும் இல்லை என்று சோதனைகளால் காட்டினார்.

இவ்வழக்கு நம் நாட்டிலும் தொடர்ந்தது. ஐதராபாத் நிஜாமின் பொருளுதவியால் எட்வர்டு லாரி 1888, 1889 ஆம் ஆண்டுகளில் அமைத்த ஆய்வுக் குழுக்கள், மூச்சே முதலில் நிற்பதால் மூச்சையே கவனிக்க வேண்டும் என்றன. மயக்கம் ஆழமாகாத போதே இதயத் துடிப்பு நிலைகுலையக் கூடும் என்று 1911-இல் கூட்மன் லெவி மெய்ப்பித்தார். ஆக, இருவகை ஆபத்தும் உண்மையாயின. குளோரோபாம் பின்னர் வழக்கொழிந்தது.

அரசியும் ஏழையும்

1853-இல் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது ஐம்பத்து மூன்று நிமிடங்கள் சிறுகச் சிறுகக் குளோரோபாம் அளித்தவர் ஸ்நோவே. 1857-இலும் அவரே அழைக்கப்பட்டார். ஆயினும் அவரது பெருமையை நாம் அரண்மனையில் தேட வேண்டுவதில்லை. ஏழை எளியோர் உட்பட ஆயிரக்கணக்கானோருக்கு மருந்தளித்து, நிகழ்ந்தவற்றைக் குறிப்பேடுகளில் பதிந்து வைத்தார். அமிலீன் என்னும் புதிய மருந்தை அவர் இருநூறுக்கும் மேற்பட்டோர்க்கு அளித்தார். அவர்களுள் இருவர் இறந்தனர். ஸ்நோ அதை மறைக்கவில்லை. இதழில் தாமே விரிவாக வெளியிட்டு, அம்மருந்தைக் கைவிட்டார். தம் கையால் நேர்ந்த இறப்பைத் தாமே உலகறியச் சொல்லும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

1858 ஜூன் 10-ஆம் நாள் குளோரோபாம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16-இல் தமது நாற்பத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார். நண்பர் ரிச்சர்ட்சன் அந்நூலை அவ்வாண்டே பதிப்பித்தார்.

இன்று அறுவை அரங்கில், வெளிவரும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவை நொடிதோறும் கருவி அளக்கிறது. மார்பின் மிகுந்து மூச்சு தளர்ந்தால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து மீட்கிறது. எனினும் மருத்துவர் கூறாமல் வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் சேர்த்து உண்போர் நம்மிடையே உளர். வலி நீங்க வேண்டும்; உயிரும் நிலைக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லை அளவு ஒன்றே. அவ்வளவைத் தேடி வாழ்ந்து மறைந்தவரின் வரலாறு, மருத்துவம் பயில்வோர்க்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் உரியது.