திரைக்குப் பின்னால் படித்த டாக்டர்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமோ என்று எங்கள் வகுப்பில் கலங்காதவர் குறைவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருக்கோ, மருத்துவம் இருக்கட்டும், சாதாரணக் கல்லூரிக்குள் கால் வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பின்னும் வீட்டிலேயே பாடம் கற்று, 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. பெண் ஒருத்தி வந்தால் மாணவர்கள் கெட்டுவிடுவார்களாம்! தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதையும் குத்திக்காட்டினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி தந்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் அம்மையார். பேருந்தில் கூட்டம் என்று தினமும் முணுமுணுக்கும் எங்களுக்கு இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பதக்கங்களோடு டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சட்டசபைக்கும் சென்றார். ஆனால் புற்றுநோயால் தங்கை இறந்ததை அவர் மறக்கவேயில்லை. பல ஆண்டுகள் அலைந்து நிதி திரட்டி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது அவருக்கு வயது 67.