கப்பல் நின்ற இடமே வீடு: 'புதையல் தீவு' ஸ்டீவன்சன் குடும்பத்தின் பயணக் கதை

வேனையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மலைமேல் சூரிய உதயம், கடற்கரையில் காபி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கும் நாய். நாமும் கிளம்பிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியும் இருக்கும். ஆனால் நடுரோட்டில் வண்டி படுத்துவிட்டால்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டால்? அந்தக் காட்சிகள் வீடியோவில் அதிகம் வருவதில்லை.

இந்தக் கேள்விகளோடுதான் ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். அவரை உங்களுக்கும் தெரியும். சின்ன வயதில் 'புதையல் தீவு' கதையைப் படித்திருந்தால், அதை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன்தான் அவர். 1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வசதிக்குக் குறைவில்லை, நுரையீரல்தான் சரியில்லை. சொந்த ஊரின் குளிரும் ஈரமும் அவரைப் படுக்கையில் தள்ளின. நல்ல காற்று தேடி ஊர் விட்டு ஊர் போனார். ஆக, அவருடைய பயணம் பாதி ஆசை, பாதி கட்டாயம்.

கழுதை சொல்லிக் கொடுத்த பாடம்

1878-ம் ஆண்டு, 27 வயதில், பிரான்ஸின் செவென் மலைப்பகுதியைக் கால்நடையாகக் கடக்கக் கிளம்பினார். மூட்டை சுமக்க ஒரு கழுதை வாங்கினார். விலை 65 ஃபிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும். பெயர் மோடஸ்டீன். பெரிய நாய் அளவுதான் இருக்கும், எலி நிறம்.

முதல் நாளே எல்லாம் சொதப்பல். கழுதை நகரவே மாட்டேன் என்றது. பொதி சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கியது. வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மூட்டையைப் பிரித்து, தேவையில்லாததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டார். பாலுக்காகக் கொண்டுவந்த காலி பாட்டில், வெள்ளை ரொட்டி, ஆட்டுக்கறி எல்லாம் போயின. ஆசை ஆசையாக எடுத்து வந்திருந்த முட்டை அடிக்கும் கருவியும் போனது. யோசித்துப் பாருங்கள், மலைப் பயணத்துக்கு முட்டை அடிக்கும் கருவி! நம் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.

12 நாளில் சுமார் 200 கிலோமீட்டர் நடந்தார்கள். கடைசியில் மோடஸ்டீனுக்கு இனி ஓய்வு வேண்டும், உடனே நடக்க முடியாது என்று தெரிந்தது. 35 ஃபிராங்குக்கு விற்றுவிட்டு வண்டி ஏறினார். ஏறிய பிறகுதான் அது தன்னோடு எவ்வளவு ஒட்டியிருந்தது என்று உறைத்தது. அழுதுவிட்டார். வழியெல்லாம் அதைத் திட்டியவர், அடித்தவர்தான்!

தேனிலவில் டிப்தீரியா

1880-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபேனியைத் திருமணம் செய்துகொண்டார். ஃபேனி அமெரிக்கர், அவரைவிடப் 10 வயது மூத்தவர், விவாகரத்தானவர். 12 வயது மகன் லாயிடும் சூச்சூ என்ற நாயும் அவரோடு வந்தார்கள். மகள் பெல் அதற்குள் திருமணமாகிப் போயிருந்தார். தேனிலவுக்குப் புதுமணத் தம்பதியோடு பையனும் நாயும் கிளம்பியது இப்படித்தான்.

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஹோட்டலில் தங்கக் காசு போதவில்லை. செயின்ட் ஹெலினா மலையில் சில்வராடோ என்ற இடத்தில் மூடிப்போன வெள்ளிச் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கே தொழிலாளர்கள் தங்கிய பாழடைந்த கட்டடத்துக்கு வாடகை கேட்க ஆளில்லை. அங்கே குடியேறினார்கள். போன கொஞ்ச நாளிலேயே ஃபேனிக்கும் லாயிடுக்கும் டிப்தீரியா லேசாகத் தொற்றியது. பிடிவாதம் பிடிக்காமல் மலையை விட்டு இறங்கினார்கள். உடம்பு தேறியதும் மறுபடி ஏறினார்கள். கதவு, ஜன்னல் இல்லாத இடத்தில் துணியை இழுத்துக் கட்டி வீடாக்கினார் ஃபேனி.

அங்கே சூச்சூ மட்டும் நிம்மதியாகவே இல்லை. எங்கிருந்தோ ஒரு கிரீச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துள்ளியது, நடுங்கியது. மற்றவர்கள் ஏதோ பூச்சி கத்துகிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். அது கிலுகிலுப்பைப் பாம்புகளின் வால் சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. இடமெல்லாம் விஷப் பாம்பு, அதை முதலில் புரிந்துகொண்டது நாய் மட்டும்தான்! புது இடத்தில் உங்கள் நாய் காரணமில்லாமல் மிரண்டால் அதட்டாதீர்கள். அதற்குக் காரணம் தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மழை கொடுத்த புத்தகம்

அதன் பிறகு குடும்பத்துக்குக் கறுப்பு ஸ்கை டெரியர் நாய் ஒன்று பரிசாக வந்தது. வால்டர் என்று பெயர் வைத்தார்கள். வாக்ஸ், போக் என்று அந்தப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைக்குச் சிகிச்சைக்காகப் போன இரண்டு குளிர்காலங்களிலும் நாயும் கூடவே போனது. ஸ்டீவன்சனின் நுரையீரலுக்கு நல்லது செய்த அந்த உயரம் ஃபேனியின் உடம்புக்கு ஆகவில்லை. ஒருவருக்கு மருந்தான ஊர் இன்னொருவருக்கு நோயானது. குடும்பமாகப் போவதில் உள்ள சிக்கலே இதுதான், இல்லையா?

இரண்டு டாவோஸ் பயணங்களுக்கு இடையே, 1881 கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமார் கிராமத்தில் விடுமுறைக்கு வீடெடுத்தார்கள். விடாத மழை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. போரடித்த லாயிடோடு உட்கார்ந்து வண்ணத்தில் ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார் ஸ்டீவன்சன். வரைபடத்திலிருந்து கதை முளைத்தது. தினமும் ஓர் அத்தியாயம் எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். அப்பாவும் உற்சாகமாகி, கதையில் வரும் பழைய மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். மழையில் வீணாகிப்போன அந்த விடுமுறையில் பிறந்ததுதான் 'புதையல் தீவு'. பாதியில் நின்ற கதையை டாவோஸில் முடித்தார்.

வாக்ஸ் 1886-ல் இங்கிலாந்தில் இறந்துபோனது. பிறவிச் சண்டைக்காரன், கடைசியில் சண்டையாலேயே உயிர் போனது. அதன் பிறகு இருவரும் இன்னொரு நாய் வளர்க்கவே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் சில இழப்புகள் கூடவே வரும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

கப்பலில் ஏறிய குதிரைகளும் குரங்குகளும்

1887-ல் அப்பா காலமானார். குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கணவரை இழந்த அம்மா மார்கரெட்டும் சேர்ந்துகொண்டார். அவருக்கு 58 வயது. 'லட்கேட் ஹில்' என்ற அந்தக் கப்பல் பிரான்ஸின் துறைமுகத்தில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. சரக்கு என்னவென்றால், குதிரைகளும் குரங்குகளும்!

நாமாக இருந்தால் டிக்கெட் காசைத் திரும்பக் கேட்டிருப்போம். ஸ்டீவன்சன் ரசித்தார். வானிலை மோசம், கப்பல் ஆட்டம் தாங்கவில்லை. குதிரைகள் சாப்பாட்டு அறையை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன. ஜாக்கோ என்ற பெரிய குரங்கு அவர் கைகளில் ஏறித் துணியைப் பாழாக்கியது. வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான நாள்களில் அவையும் சேர்ந்துகொண்டன.

உளுத்துப் போன பாய்மரம்

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. அப்பாவின் சொத்தில் அவருக்கு வந்தது 3,000 பவுண்டு. அதில் 2,000 பவுண்டை ஒரே பயணத்தில் போட்டார். 1888 ஜூன் 28 அன்று 'காஸ்கோ' என்ற பாய்மரக் கப்பலில் மனைவி, மகன், அம்மாவோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் தீவுகளுக்குக் கிளம்பினார். தேறினால் தேறட்டும், இல்லையென்றால் கடலோடு போகட்டும் என்கிற நிலைமையில் இருந்தது உடம்பு.

தஹிதி தீவை அடைந்ததும் மோசமாகப் படுத்துவிட்டார். குடும்பம் அவரை டௌடீரா என்ற கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. மோயே என்ற இளவரசி, எலுமிச்சையிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறிய பச்சை மீனைக் கொடுத்துத் தேற்றினார். ஊர்த்தலைவர் ஓரி தன் வீட்டையே விட்டுக் கொடுத்தார்.

சரி, உடம்பு தேறியது, கிளம்பலாம் என்றபோது கப்பல் காலை வாரியது. ஊர்ப் பெண்களைக் கப்பலுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார் மார்கரெட். வந்தவர்களில் ஒரு மூதாட்டி, இந்தக் கப்பலில் குறை இருந்தால் கிளம்பும் முன்பே தெரிய வேண்டும் என்று பிரார்த்தனை செய்துவிட்டுப் போனார். பிறகு பரிசோதித்தால், பாய்மரம் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது! அதுவரை எத்தனையோ காற்றையும் அலையையும் அந்த மரத்தை நம்பித்தான் கடந்து வந்திருந்தார்கள்.

கப்பல் பழுதுபார்க்கத் தலைநகர் பப்பீத்திக்குப் போனது. நாள் கணக்கு வாரக் கணக்கானது. கையிலிருந்த பணமும் உணவும் தீர்ந்தன. அப்போது ஓரி, தன்னிடம் இருப்பதெல்லாம் அவர்களுக்கும்தான் என்று தாங்கிக்கொண்டார். மோசமான கடலில் படகோட்டிப் போய்ச் செய்தியும் சாமானும் வாங்கி வந்தார். ஸ்டீவன்சனும் அவரும் பெயரையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு உறவானார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் கப்பல் வரவில்லையே என்று கரையில் நின்று கையைப் பிசையவில்லை. அவர் நாவல் எழுதினார். வீட்டார் ஊர் மக்களோடு கலந்து பழகினார்கள். காத்திருப்பு என்று நினைத்திருந்தால் அது தண்டனை. அவர்கள் குடியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று கிளம்பி, ஒரு மாதம் காற்றோடு போராடி ஹவாய் சேர்ந்தபோது, இவர்கள் வரவே மாட்டார்கள் என்று அங்கே பயந்து போயிருந்தார்கள்.

எரிந்த பெட்டி, மூடிய வழி

1890-ல் சிட்னியில் மறுபடி ரத்தம் கக்கிப் படுத்தார். கடல்காற்றுதான் மருந்து. ஃபேனி துறைமுகத்தில் அலைந்து 'ஜேனட் நிக்கல்' என்ற நீராவிக் கப்பலில் இடம் பிடித்தார். ஆக்லாந்தைத் தாண்டியதும் கேபினில் இருந்த வாணவெடிகள் தீப்பிடித்தன. எரிகிற பெட்டி ஒன்றைக் கடலில் எறியப் போனவர்களை ஃபேனி தடுத்தார். அதற்குள் கணவரின் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. எது போனாலும் பரவாயில்லை, எது போகக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதற்றத்திலும் கண் அங்கேதான் போனது.

ஆனால் சிட்னியில் விழுந்த அடி பெரியது. குளிர் நாட்டில் இனி உயிர் தாங்காது, ஸ்காட்லாந்துக்குத் திரும்ப முடியாது என்பது உறுதியானது. எந்தத் தொடர் பயணிக்கும் மனசுக்குள் ஒரு சொந்த ஊர் இருக்கும். அந்தக் கதவும் மூடியது. அவர் சமோவா தீவில் காடாகக் கிடந்த 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வீடு கட்டினார். அம்மா வந்தார், மகள் பெல் குடும்பத்தோடு வந்தார், ஜாக் என்ற குதிரை வந்தது. சமோவா மக்கள் அவரைத் துசிதாலா, அதாவது கதைசொல்லி என்று அழைத்தார்கள்.

1894 டிசம்பர் 3 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். பயமுறுத்திக்கொண்டே இருந்த நுரையீரல் அல்ல, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. வயது 44. வாயா மலை உச்சியில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். சமோவா மக்கள் காட்டை வெட்டிப் பாதை போட்டு, தோளில் தூக்கிப் போனார்கள். வழிப்போக்கனுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை. தங்கியவருக்குத்தான் செய்வார்கள்.

நீங்கள் குடும்பத்தோடு நீண்ட பயணம் கிளம்பினால் பெட்டியில் மருந்து, ஸ்பேர் டயர், நாய்க்கான தடுப்பூசிச் சான்று எல்லாம் எடுத்து வையுங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் காசும் தனியாக இருக்கட்டும். அத்தனைக்கும் பிறகும் ஏதாவது ஓர் ஊரில் வண்டி நிற்கும். அப்போது போக வேண்டிய ஊரை நினைத்துப் புலம்பாமல், நின்ற ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறது என்றும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.