இரட்சணிய யாத்திரிகர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

றொசல்லயில் பனி விலகாத காலை வேளைகளில், நம் பாடசாலையின் ஆராதனையில் எத்தனையோ கீர்த்தனைகளைப் பாடியிருக்கிறோம். அவற்றை யார் எழுதினார்கள் என்று அன்று கேட்டதில்லை. அவ்வாறு நாம் பெயரறியாமல் பாடிய கவிஞர்களுள் ஒருவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை.

இவர் 1827இல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கசடறக் கற்றார். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்தில் இருந்த மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறிஸ்தவர்களுக்குத் தமிழ் கற்பிப்பது மட்டுமே அவருடைய நோக்கம். தம் சமயத்தை விடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

பாவம் என்றதும் குடி, களவு, பொய் என்றே நாம் நினைக்கிறோம். கிருஷ்ணபிள்ளையோ ஒழுக்கமும் கல்வியும் நிறைந்தவர். ஊரார் மதித்த பண்டிதர். அப்படிப்பட்டவர்தாம் தம் உள்ளத்தில் ஒரு பாரம் இருப்பதையும், அதைத் தம் நற்செயல்களால் இறக்கிவைக்க முடியாது என்பதையும் உணர்ந்தார். பலநாள் போராட்டத்தின் பின், 1858இல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் முன்னே சேர்ந்தன. கிருஷ்ணன் என்ற பெயரையும் அவர் விட்டுவிடவில்லை. உறவினரின் மனவருத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பத்தொன்று.

மனந்திரும்பிய கதைகள் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இவருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. அதன்பின் பல ஆண்டுகள் ஆசிரியராக உழைத்தார். பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்தார். அந்த உழைப்பின் நடுவே, ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி ஒரு தமிழ்க் காப்பியம் பாட முற்பட்டார். பகுதி பகுதியாக ‘நற்போதகம்’ இதழில் வந்த அக்காப்பியம், ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெயரில் 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். அவர் ஞானஸ்நானம் பெற்று முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. தமிழுலகம் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று அழைத்தது.

அந்தக் கதையில் யாத்திரிகனின் முதுகிலிருந்த பாவச் சுமை சிலுவையின் அடியில் கழன்று விழுகிறது. கொழுந்துக் கூடையின் பாரம் அறிந்த நமக்கு அந்த ஆறுதலை விளக்கத் தேவையில்லை. ஆனால் சுமை விழுவது பயணத்தின் ஆரம்பத்தில்தான். மலையேற்றமும், வழி தவறுதலும், சந்தேகக் கோட்டையில் சிறைப்படுவதும் அதற்குப் பிறகே வருகின்றன. விழுந்தவன் எழுந்து மறுபடியும் பாதைக்கு வருகிறான். கிருஷ்ணபிள்ளை தாமும் நடந்த வழியையே பாடினார்.

வைத்தியராக நான் இதை நாளாந்தம் காண்கிறேன். குடியை விட்டேன் என்று சொல்லும் முதல் நாளில் கண்ணீரும் உறுதியும் இருக்கும். சம்பள நாள் வரும், திருவிழா வரும், பழைய நண்பர்கள் வருவார்கள். மறுபடி விழுந்தவர்கள் வெட்கத்தால் சிகிச்சைக்கு வராமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. வீழ்ச்சியை முடிவென்று எண்ணாமல் திரும்பி வருகிறவர்களே பெரும்பாலும் குணமடைகிறார்கள். நம் கோபம், பொறாமை, மன்னியாத மனம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

1854இல் மலையகத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபின், உபதேசியார்கள் பலர் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். லயக்காம்பராக்களில் விளக்கு வெளிச்சத்தில் ஜெபித்த நம் முன்னோர் கேட்ட நற்செய்தியும், கிருஷ்ணபிள்ளை கேட்ட நற்செய்தியும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை.

அவர் 1900ஆம் ஆண்டு பெப்ரவரியில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலும் ‘இரட்சணிய மனோகரம்’ என்னும் துதிப்பாடல் நூலை வெளியிட்டிருந்தார். கடைசிவரை எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

உலகின் பல மூலைகளில் வாழும் சகோதரிகளே, பாடசாலை நாட்களில் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை இடையில் கைவிட்டவர்கள் நம்மில் இருக்கலாம். நானும் சில காலம் அப்படி இருந்தவளே. பாதை மூடப்படவில்லை. இந்த நூற்றாண்டு நிறைவில், விட்ட இடத்திலிருந்து மீண்டும் நடப்போம்.