ஒரு டாலருக்குக் கைமாறிய இன்சுலின்... பாண்டிங் செய்தது என்ன?

இன்சுலின் வருவதற்கு முன், டைப் 1 சுகர் வந்த குழந்தைகள் பிழைப்பதே அரிது. 1921-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஃபிரெட்ரிக் பாண்டிங், மாணவர் சார்லஸ் பெஸ்ட்டுடன் ஆய்வைத் தொடங்கினார். மருந்தைச் சுத்திகரித்துத் தந்தவர் ஜேம்ஸ் காலிப். 1922 ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்சன் உயிர் பிழைத்தான்.

மருந்தை வைத்து டாக்டர் லாபம் பார்ப்பது தப்பு என்பது பாண்டிங்கின் எண்ணம். 1923-ல் மூவரும் காப்புரிமையைத் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்போ காப்புரிமை எதுக்கு? வேறு யாரும் அதை வாங்கி மருந்தை முடக்கிடக் கூடாது, தரமும் குறையக் கூடாது. அதான் காரணம்.

ஆய்வகத்தில் தயாரித்தது போதவில்லை. அதனால் முதலில் எலி லில்லி, பிறகு மற்ற நிறுவனங்கள் எனப் பல்கலைக்கழகம் உரிமம் கொடுத்தது. ராயல்டி ஆராய்ச்சிக்கே போனது.

1941-ல் விமான விபத்தில் பாண்டிங் இறந்தார். அவர் பிறந்த நவம்பர் 14-தான் இன்று உலக நீரிழிவு தினம்.