கேமராவை நம் கையில் கொடுத்தவர்



உங்கள் தாத்தா, பாட்டி வீட்டுப் பீரோவில் பழைய போட்டோ ஆல்பம் இருக்கிறதா? அதோடு ஒரு காகித உறையும் இருந்தால் திறந்து பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் நீளமான பட்டை ஒன்று இருக்கலாம். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கறுப்புத் தலைமுடி வெளுத்துத் தெரியும். வெள்ளைச் சட்டை கறுத்துத் தெரியும். அதற்கு 'நெகட்டிவ்' என்று பெயர். அதுதான் கேமராவுக்குள் இருந்த பிலிம்!

அந்தக் காலத்தில் ஒரு பிலிம் ரோல் வாங்கினால் 36 படங்கள்தான் எடுக்க முடியும். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்க முடியாது. ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, பிரிண்ட் போட்டு வாங்க வேண்டும். பள்ளியில் எடுக்கும் குரூப் போட்டோவில் ஒருவன் கண்ணை மூடிவிட்டால் மூடியதுதான். நாலு நாள் கழித்துத்தான் அது தெரியவரும்!

இப்போது செல்போனில் ஒரே நிமிடத்தில் 36 படம் எடுத்துவிடுகிறீர்கள். அப்படியானால் பிலிம் என்ன ஆனது? அதைத் தெரிந்துகொள்ள, பிலிம் சுருளை உலகமெங்கும் கொண்டு சேர்த்த ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன்.

தந்தையை இழந்த சிறுவன்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்ற சிற்றூரில் 1854-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி ஈஸ்ட்மேன் பிறந்தார். அவருக்கு இரண்டு அக்காமார். சில ஆண்டுகளில் குடும்பம் ராச்செஸ்டர் என்ற நகருக்குக் குடியேறியது. அங்கே அவருடைய தந்தை வணிகக் கல்விக்கூடம் ஒன்றை நடத்திவந்தார்.

1862-இல் தந்தை இறந்துபோனார். அப்போது ஈஸ்ட்மேனுக்கு வயது ஏழு. தாயார் மரியா, வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு, தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அக்காமாரில் ஒருவர் போலியோவால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரும் 1870-இல் இறந்துவிட்டார். அம்மா படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் ஈஸ்ட்மேன்.

அதனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1868-இல் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 3 டாலர். அந்தச் சம்பளம் போதவில்லை. இரவில் வீட்டிலேயே கணக்கியல் படித்தார். 1874-இல் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 15 டாலரைத் தாண்டியது. பள்ளியை விட்டாலும் படிப்பை அவர் விடவில்லை, பார்த்தீர்களா?

ஒரு படத்துக்கு ஒரு மூட்டை

வங்கியில் வேலை பார்த்தபோது, விடுமுறையில் கடல் கடந்து வெளியூர் போக ஈஸ்ட்மேன் ஆசைப்பட்டார். போகும் இடத்தைப் படம் எடுத்து வரலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். உடனே ஈஸ்ட்மேன் 1877-இல் படம் எடுக்கும் கருவிகளை வாங்கினார். வாங்கிய பிறகுதான் திகைத்துப் போனார்.

கேமரா ஒரு பெரிய பெட்டி அளவு இருந்தது. அதைத் தாங்க கனமான முக்காலி. படம் பதிவதற்குக் கண்ணாடித் தகடுகள். மருந்துப் புட்டிகள், தண்ணீர் ஜாடி, போதாததற்கு ஒரு கூடாரம்! கூடாரம் எதற்கு? வெளியூரில் இருட்டறை வேண்டுமே! அதற்குள் உட்கார்ந்துதான் கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்ப் படம் எடுத்து, ஓடிவந்து கழுவ வேண்டும். காய்ந்துபோனால் படம் வராது. இதையெல்லாம் கற்றுக்கொள்ள அவர் 5 டாலர் கட்டணம் கொடுத்தார்.

கடைசியில் அவர் அந்தப் பயணமே போகவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை. ஒரு படம் எடுக்க ஒரு மூட்டைச் சாமான் தேவைதானா?

அடுப்படியில் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் சிலர் ஜெலட்டின் பூசிய உலர்ந்த தகடுகளைச் செய்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். ஜெலட்டின் என்பது மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பசை. இந்தத் தகட்டை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது படம் எடுக்கலாம். கூடாரம் தேவையில்லை.

பகலில் வங்கி வேலை. இரவில் அம்மாவின் சமையலறையில் மருந்து காய்ச்சும் வேலை. சில இரவுகளில் உடை கூட மாற்றாமல் அடுப்பின் அருகே தரையிலேயே படுத்துத் தூங்கிவிடுவாராம். இப்படிப் பாடுபட்டு, தகடுகளில் மருந்தைச் சீராகப் பூசும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். அதற்கு 1879-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார்.

வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் என்பவர் பணம் போட்டுக் கூட்டாளியானார். ஸ்ட்ராங்கின் தொழில் என்ன தெரியுமா? குதிரை வண்டிச் சாட்டை தயாரிப்பது! 1881 ஜனவரி 1-ஆம் தேதி ஈஸ்ட்மேன் உலர்தகட்டு நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் வங்கி வேலையை விட்டார்.

கடைசி டாலரும் போனது

வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது பேரிடி விழுந்தது. விற்ற தகடுகளில் படம் சரியாகப் பதியவில்லை என்று புகார்கள் வந்தன. ஈஸ்ட்மேன் என்ன செய்தார்? சாக்குப்போக்குச் சொல்லவில்லை. கெட்டுப்போன தகடுகளை எல்லாம் திரும்பப் பெற்று, நல்ல தகடுகள் கொடுத்தார். கையிலிருந்த பணம் முழுவதும் கரைந்தது. ஆனால் அவருடைய பெயர் கெடவில்லை. பணத்தைவிட அதுவே பெரிது என்று அவர் நினைத்தார்.

தவறு எங்கே என்று தேடினார். வாங்கிய ஜெலட்டினில்தான் கோளாறு என்று தெரிந்தது. ஜெலட்டின் எப்போதும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதன் ரகசியத்தைப் பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் விஞ்ஞானி ஷெப்பர்ட் 1920-களில் கண்டுபிடித்தார். மாடு கடுகுச் செடி போன்றவற்றை மேய்ந்தால், அதிலுள்ள கந்தகம் துளியளவு ஜெலட்டினில் தங்கிவிடும். அதுதான் படம் நன்றாகப் பதியக் காரணம்! மாடு மேய்ந்த செடிக்கும் போட்டோவுக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

தன் பொருளுக்குத் தானே போட்டி

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

கண்ணாடித் தகடு நன்றாக விற்றது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு நிம்மதியாக இருந்திருப்பார். ஈஸ்ட்மேனோ, கண்ணாடி கனமானது, உடையக்கூடியது, அதற்கு மாற்று வேண்டும் என்று நினைத்தார். 1884-இல் காகிதத்தில் மருந்து பூசி, சுருளாகச் சுற்றும் பிலிமைத் தயாரிக்க முனைந்தார். தன்னுடைய பொருளுக்குத் தானே போட்டி உண்டாக்கினார்!

தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அதை விரும்பவில்லை. காகிதத்தின் நார் படத்தில் தெரிந்தது. கண்ணாடியே மேல் என்றார்கள். ஈஸ்ட்மேன் சோர்ந்துவிடவில்லை. இது அவர்களுக்கு வேண்டாமென்றால், இதுவரை கேமராவையே தொடாத சாதாரண மக்களுக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்.

1888-இல் கைக்கு அடக்கமான ஒரு பெட்டிக் கேமரா வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படம் எடுக்கக்கூடிய சுருள் இருக்கும். பொத்தானை அமுக்கினால் போதும். 100 படமும் எடுத்தபின் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்டமாக இருக்கும்!

அந்தக் கேமராவுக்கு 'கோடாக்' என்று பெயர் வைத்தார். அதற்கு என்ன பொருள்? ஒரு பொருளும் இல்லை! அவருக்கு ஆங்கிலத்தின் 'கே' எழுத்து மிகவும் பிடிக்கும். அந்த எழுத்தில் தொடங்கி அந்த எழுத்திலேயே முடியும், யாரும் தவறாகச் சொல்ல முடியாத சின்னச் சொல்லை அவரே உருவாக்கினார்.

1889-இல் காகிதத்துக்குப் பதிலாக, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பிலிம் வந்தது. அதைச் செய்ய உதவியவர் ரைக்கன்பாக் என்ற வேதியியலாளர். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் அசையும் படங்களை உருவாக்க இந்தப் பிலிம் உதவியது. நாம் பார்க்கும் சினிமாவுக்கு அது ஒரு பெரிய படி.

இதில் ஒரு வழக்கும் உண்டு. ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887-இலேயே இதுபோன்ற பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அவர் இறந்த பிறகும் வழக்கு நடந்தது. முடிவில் 1914-இல் ஈஸ்ட்மேனின் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. பெரியவர்களின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட பக்கமும் இருக்கும். அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1900-இல் 'பிரௌனி' என்ற கேமராவை வெளியிட்டார். விலை ஒரே ஒரு டாலர்! பிலிம் 15 சென்ட். இது உங்களைப் போன்ற குழந்தைகளையும் மனத்தில் வைத்துச் செய்தது. பணக்காரர் வீட்டுச் சுவரில் மட்டும் இருந்த படம் ஏழை வீட்டுக்கும் வந்தது. நிறுவனத்தின் பொன்விழா ஆண்டான 1930-இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 வயதை எட்டிய குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5 லட்சம் கேமராக்கள் இலவசமாகவே வழங்கப்பட்டன.

பெயர் சொல்லாத வள்ளல்

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த செல்வத்தை அள்ளிக் கொடுத்தார். 1919-இல் தம் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளர்களுக்கே கொடுத்துவிட்டார். லண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களில் குழந்தைகளுக்காகப் பல் மருத்துவமனைகள் அமைத்தார். ராச்செஸ்டரில் இசைப்பள்ளி தொடங்கினார். கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்வி நிலையங்களுக்கும் பெருந்தொகை கொடுத்தார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1912 முதல் 'ஸ்மித்' என்ற பெயரில் ஒருவர் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் யார் என்று மாணவர்களுக்குத் தெரியாது. 1920-இல்தான் அவர் ஈஸ்ட்மேன் என்று வெளியே தெரிந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத அந்தப் பையன் கல்விக்காகக் கொடுத்தது எவ்வளவு பாருங்கள்!

கடைசிக் காலத்தில் முதுகெலும்பு நோயால் மிகவும் துன்பப்பட்டார். 1932 மார்ச் 14-ஆம் தேதி, 77-ஆவது வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தி அவருடைய தொழிற்சாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பிறகு

அவர் தொடங்கிய நிறுவனம் மேலும் வளர்ந்தது. 1969-இல் நிலவுக்குச் சென்ற வீரர்கள் எடுத்ததும் பிலிம் படங்கள்தான். 1980-களில் அங்கு உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள்.

1975-இல் அதே நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற 24 வயதுப் பொறியாளர் பிலிமே இல்லாத ஒரு கேமராவைச் செய்தார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை. ஒளியை மின்சாரமாக மாற்றும் சிறு தகடு ஒன்று அதில் இருந்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் நாடாவில் பதிவாக 23 விநாடி ஆகும். டெலிவிஷனில்தான் பார்க்க முடியும். அதுதான் டிஜிட்டல் கேமராவின் மூதாதை!

அதிகாரிகள் அதைப் பார்த்தார்கள். ஆனால் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டதாகச் சாசன் பிற்காலத்தில் தெரிவித்தார். காரணம் புரிகிறதா? நிறுவனத்துக்குப் பெரிய லாபம் தந்தது பிலிமும், பிரிண்ட் போடும் காகிதமும், கழுவும் மருந்தும்தான். பிலிமே வேண்டாம் என்று சொல்லும் கேமராவை விற்றால் அந்த லாபம் என்ன ஆகும் என்ற அச்சம் இருந்தது. பின்னாளில் அவர்களும் டிஜிட்டல் கேமராக்களை விற்றார்கள். ஆனால் பிலிம் தந்த லாபத்தை அவற்றால் தர முடியவில்லை.

2000-க்குப் பிறகு பிலிம் விற்பனை வேகமாகச் சரிந்தது. 2007-இல் ராச்செஸ்டரில் பெரிய தொழிற்சாலைக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1935-இல் வந்த புகழ்பெற்ற 'கோடாக்குரோம்' பிலிமின் தயாரிப்பு 2009-இல் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரியில் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. அடுத்த ஆண்டு சிறிய நிறுவனமாக மீண்டு வந்தது.

பிலிம் முழுவதும் மறைந்துவிடவில்லை. ராச்செஸ்டரில் அதன் பிறகும் பிலிம் தயாரித்தார்கள். 2023-இல் வெளிவந்த 'ஓப்பன்ஹைமர்' திரைப்படம் பிலிமில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் அன்றாட வாழ்க்கையிலிருந்து அது விடைபெற்றுவிட்டது.

மாணவச் செல்வங்களே! ஈரத் தகட்டை உலர்தகடு வென்றது. உலர்தகட்டைப் பிலிம் வென்றது. பிலிமை டிஜிட்டல் வென்றது. ஈஸ்ட்மேன் கண்ணாடித் தகடு நன்றாக விற்றபோதே அதைவிட எளிதானதைத் தேடினார். அவருக்குப் பின் வந்தவர்கள், எளிதான ஒன்று தங்கள் கையிலேயே கிடைத்தபோதும் தயங்கினார்கள். நேற்று வாங்கிய நல்ல மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், இன்றைய பாடத்தையும் படிப்பவனே முன்னேறுவான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

அடுத்த முறை தாத்தா வீட்டுக்குப் போகும்போது அந்த நெகட்டிவ் பட்டையைத் தேடி எடுங்கள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அதில் இருப்பவர்கள் யார் யார் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு, அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். படத்தைப் பிலிம் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெயர்களைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள்தான்!