எல்லோரையும் பாட வைத்த எம்.பி.சீனிவாசன்

தர்மபுரிப் பக்கத்து நடவு வயல்களில் ஒரு பெண் முதலில் பாடுவாள். மற்றப் பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். சேர்ந்து பாடுவது நமக்குப் புதிது அல்ல. ஆனால், அங்கே எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு.

ஒரே பாட்டை, ஒரே நேரத்தில், சிலர் ஒரு மெட்டிலும் சிலர் வேறு மெட்டிலும் பாடினால் கூச்சலாக இருக்காதா?

இருக்காது, இனிமையாக இருக்கும் என்று காட்டியவர் எம்.பி.சீனிவாசன். சினிமாவுக்கு இசை அமைப்பது அவர் தொழில். சேர்ந்திசை அவர் ஆசை.

கலப்புத் திருமணம்

சீனிவாசன் 1925-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரில் பிறந்தார். இளம் வயதிலேயே கம்யூனிஸ்டு இயக்கத்தில் சேர்ந்தார். டெல்லியில் ஏ.கே.கோபாலனிடம் செயலாளராக வேலை பார்த்தார்.

பஞ்சாப் விடுதலை வீரர் சைபுதீன் கிச்சலுவின் மகள் சாகிதாவை அவர் மணந்து கொண்டார். மணமகன் தமிழ் இந்து. மணமகள் வட நாட்டு முஸ்லிம். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்!

சினிமாவில்

1960-ம் ஆண்டு "பாதை தெரியுது பார்" என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. அதற்கு இசை அமைத்தவர் சீனிவாசன். படத்தின் பாட்டுகள் பெரும் புகழ் பெற்றன.

மறு ஆண்டு, ஓர் இளைஞரை மலையாளப் படத்துக்காக முதன் முதலில் பாட வைத்தார். அந்த இளைஞர்தான் கே.ஜே.யேசுதாஸ்!

சினிமா வாத்தியக்காரர்களின் கூலிக்காகவும் சீனிவாசன் போராடினார். அவர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன் நின்றார்.

தமிழில் அவருக்குக் கிடைத்த படங்கள் கொஞ்சமே. மலையாளத்தில்தான் நிறையக் கிடைத்தன.

சேர்ந்திசைக் குழு

1970-களில், சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றைத் தொடங்கினார். சினிமா வேலைக்கு நடுவே, பணத்தை எதிர்பாராமல் செய்த வேலை இது.

சேர்ந்திசையில் பாடுகிறவர்களைப் பிரிவு பிரிவாக நிறுத்துவார்கள். மெல்லிய குரல் உள்ள பெண்கள் ஒரு பிரிவு. கனத்த குரல் உள்ள பெண்கள் இன்னொரு பிரிவு. ஆண்களிலும் இப்படியே இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவும் தன் மெட்டைத் தனியே கற்றுக்கொள்ளும். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பாடுவார்கள்.

இதில் பக்கத்துக் குரலை மிஞ்சக் கூடாது. அதைப் பின்பற்றி ஓடவும் கூடாது. தன் மெட்டை விடாமல், அடுத்தவர் பாடுவதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம்!

இது மேல்நாட்டில் வளர்ந்த முறை. சீனிவாசன் அதில் நம் பாட்டுகளை அமைத்தார். பாரதியார் பாடல்கள் பல குரல்களில் முழங்கின. பிற மொழிப் பாட்டுகளையும் குழுவினர் பாடினர். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக அவர் உழைத்தார்.

மறைவு

1988-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் சீனிவாசன் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

தொழிலுக்கு நடுவே ஆசைக்குத் தொடங்கும் இசைக்குழுக்கள் பல, சீக்கிரமே கலைந்துவிடும். தொடங்கியவர் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் சீனிவாசன் தொடங்கிய குழு கலையவில்லை. அவர் மறைந்த பிறகும், அவர் அமைத்த மெட்டுகளை மேடை ஏறிப் பாடியது.